கற்பூர வளையம்

அல்சூர், பெங்களூரு
3 அக்டோபர் 2025

டிரேவருக்கு,

பதினெட்டு வருஷம் கழித்து எழுதுகிறாய். டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், வீட்டுக்கு வரலாமா என்கிறாய்.

முதலில் ஒன்று சொல். விண்வெளித் தொலைநோக்கிக்காக நான் ஆறு வருஷம் உழைத்துச் செய்த அகச்சிவப்பு உணரியைச் சோதித்தவன் நீ. எந்த உணரியும் இருட்டில்கூடக் கொஞ்சம் மின்னோட்டம் காட்டும். அது கூடினால் மங்கலான நட்சத்திரம் அதில் மூழ்கிவிடும். என்னுடையது வரம்புக்குள்தான் இருந்தது. உன் அறிக்கையில் மட்டும் நாற்பது மடங்கு! ‘காரணம் தெரியவில்லை’ என்று கையெழுத்துப் போட்டாய். வெளிநாட்டு உணரி விண்ணுக்குப் போனது. நீ பெர்த்துக்குப் போனாய்.

முந்தாநாள் ஆயுத பூஜை. தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய். நம் லேப் ஞாபகம் வந்தது. திரவ நைட்ரஜனை ஊற்றிவிட்டு, உணரி குளிரக் காத்திருக்கும்போது நீ சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாய். ஜோகுபாளையத்து உன் அம்மாவின் மீன் வறுவல். அந்த வாசனையில் நான் சைவம் என்பதே மறந்துபோகும்.

பதில் வரட்டும்.

சேஷகிரி

பெர்த்
15 அக்டோபர் 2025

அன்புள்ள சேஷு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அன்றும் ஆயுத பூஜை. உணரி மூடி போட்டுக் குளிரில் இருந்தது. கற்பூரத் தட்டோடு வந்தாய்.

“கண்ண மூடிக்கிட்டிருக்கிற சாமிக்கா ஆரத்தி? மூடியத் திறடா!”

“வேணாம் மச்சா, டெஸ்ட் இருக்கு.”

“ஒரு நிமிஷம்டா!”

திறந்தேன். மூன்று சுற்று சுற்றினாய். அரை மணியில் சோதனை. பிரகாசமான ஒன்றைப் பார்த்த உணரி அதைச் சீக்கிரம் மறக்காது. இருட்டுப் படத்தில் வெள்ளையாய் ஒரு வளையம். அதுதான் அந்த நாற்பது மடங்கு.

கற்பூரம் என்று எழுதியிருந்தால் மறுசோதனை கிடைத்திருக்கும். லேபில் நெருப்பு கொண்டுவந்ததற்கு உன் வேலை போயிருக்கும். உன் மனைவி ராஜலக்ஷ்மிக்கு அப்போது ஏழாம் மாதம். உன்னிடம் சொன்னால் நீயே போய் ஒப்புக்கொள்வாய். அதனால் வாயை மூடிக்கொண்டேன். செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

உன்
டிரேவர்

அல்சூர்
1 நவம்பர் 2025

அன்புள்ள டிரேவர்,

கடிதம் வந்து ஆறு நாளாகிறது. அன்று பூஜையில் எடுத்த புகைப்படத்தைப் பரணிலிருந்து எடுத்தேன். தட்டோடு நான். பின்னால் நீ, கையில் மூடி. இத்தனை வருஷமும் உன் முகத்தைத்தான் முறைத்திருக்கிறேன், கையைப் பார்த்ததேயில்லை.

கோபம் தீரவில்லை. என்னைக் கேட்காமல் எனக்காக முடிவெடுத்தாய். உணரியா வேலையா என்று நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நேரில் திட்டுவேன். நாலு நாளாவது ஆகும். அதற்குத் தகுந்தபடி வா. அன்று வயிற்றிலிருந்த சஹானாவுக்கு டிசம்பரில் பதினெட்டு முடிகிறது.

ராஜியிடம் இரண்டு கடிதத்தையும் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், அவருக்கு மீன் வறுக்க நம்ம வீட்ல வாணலி ஏது?” என்றாள்.

நேற்று ஒன்று வாங்கி வந்தேன். பால்கனியில்தான் வறுக்கணுமாம்.

சேஷு