நான் கீறிய கோடு

அம்மா,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். என் மகனின் மூத்த பையன் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுவிட்டான். தர்மபுரத்தில் எங்கள் வாய்க்கால் பக்கத்திலிருந்து போகிற முதல் ஆள் அவன்தான். அவனுக்கு அடுத்தவள் தட்டெழுத்துப் படித்துக் கந்தோரில் கடிதம் தட்டும் வேலைக்குப் போகிறாள். மகளின் பையன் ஓட்டப் போட்டியில் வென்ற கிண்ணம் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுவேன். மகனின் கடைக்குட்டி வசந்தி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்துவிட்டாள். நான் நின்றுபோன வகுப்பிலிருந்து அவள் புறப்படுகிறாள்.

நேற்று அவள் பாயில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். எச்சில் பட்டால் ஊதாவாக எழுதுமே, அந்தப் பென்சில். நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதில் கீழ் உதடு முழுக்க ஊதா. நான் அதைப் பறித்து அடுப்புக்குள் எறிந்துவிட்டேன். பிள்ளை விக்கி விக்கி அழுதாள். "அப்பம்மாவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று தாயிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் ஏன் எறிந்தேன் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

பேரப்பிள்ளைகள் சின்னதாய் இருந்தபோது, உங்கள் இடது கன்னத்துக்குள் வெற்றிலை அடக்கும் இடத்தில் புண் வந்து, அது புற்று என்று சொன்ன பிறகு, பரந்தனில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனோம். மூன்று கிழமை அங்கே உங்களுக்குக் கரண்ட் பிடித்தார்கள். நெருப்பில்லாமல் சுடுகிற அந்த வைத்தியத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எங்கே பிடிக்க வேண்டும் என்று கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு கிழமை வீட்டில் இருந்துவிட்டு மிச்சத்துக்கு வரச் சொன்னார்கள். நோயாளரைப் பார்க்கும் தாதிகளில் தமிழ் தெரிந்த மிஸி ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோடு அழியப்படாது. கன்னத்தில தண்ணி படப்படாது. நீங்கதான் பொறுப்பு" என்றாள். பொறுப்பு என்ற சொல் எனக்குப் பெருமையாக இருந்தது.

முகம் கழுவாமல் தேத்தண்ணி கூடக் குடிக்காத மனுசி நீங்கள். கண்ணை மட்டும் நனைத்துக்கொண்டு இருந்தீர்கள். கன்னம் கருகித் தோல் உரிந்தது. வாயில் எச்சில் இல்லை. கஞ்சியை வடித்து ஆறவைத்துத் தந்தாலும் ஒரு மிடறுக்கு ஒரு தரம் கண்ணீர் வந்தது.

வீடு வந்த ஐந்தாம் நாள் கோப்பையை அப்பால் தள்ளினீர்கள்.

"எனக்குக் காணும் பிள்ளை, போதும். இனி அங்க வரேல்லை."

"பாதியில விட்டா என்னண்டு சுகம் வரும்?"

"சுகம் வருமெண்டு உனக்கு ஆர் சொன்னது? டொக்டர் சொன்னவரே?"

டொக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"தாயைப் பாராமல் விட்டிட்டாளெண்டு சனம் கதைக்கும், அம்மா."

"அப்ப சனத்துக்குப் போய்க் கரண்ட் பிடியன்."

"என்ர பேரப்பிள்ளையள், உங்கட பூட்டப்பிள்ளையள் படிச்சு வாறதைப் பாக்க ஆசையில்லையோ? சாகத்தான் அவசரமோ?"

"எனக்கென்ன அவசரம்? நான் என்ன பஸ்ஸுக்கே நிக்கிறன்?"

சிரித்தீர்கள். சிரித்ததில் உதட்டோரம் வெடித்து இரத்தம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் மறுபடியும் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி உங்களைக் குத்தினேன். இன்று அதே பிள்ளைகளின் சேதிகளைப் பெருமையாக ஒப்புவிக்கிறேன், பாருங்கள்.

கொழும்புக்குத் திரும்பப் புறப்படுவதற்கு முதல் நாள் நீங்கள் வாய்க்காலில் இறங்கிச் சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவிவிட்டீர்கள். உரிந்த தோலில் சவர்க்காரம் எப்படி எரிந்திருக்கும்! திருநீறு பூசிக்கொண்டு வந்து, "கோடு போயிட்டுது" என்றீர்கள். அவ்வளவு நாளில் அன்றுதான் உங்கள் முகம் உங்களுடையதாக இருந்தது. உங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழியில் முடிவைச் சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் பொறுப்பை அழித்துவிட்டீர்கள் என்றுதான் தோன்றியது.

பேரப்பிள்ளைகளின் பையிலிருந்து அதே மாதிரி ஊதாப் பென்சில் ஒன்றை எடுத்து வந்தேன். உங்கள் நாடி எலும்பை இடது கையால் இறுக்கிப் பிடித்து, பென்சிலை என் நாக்கில் தொட்டு, நினைவில் இருந்தபடி கோட்டைத் திரும்பக் கீறினேன். பச்சைப் புண்ணில் பென்சில் வழுக்கியது. வழுக்கிய இடத்தில் அழுத்திக் கீறினேன். நீங்கள் முகத்தை இழுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னீர்கள்:

"நேராய்க் கீறடி. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சனி தானே."

ஆஸ்பத்திரியில் மிஸி பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். டொக்டரைக் கூட்டி வந்தாள்.

"ஆர் இதைக் கீறினது? பிழையான இடத்தில பிடிச்சா என்ன நடக்கும் தெரியுமோ?" என்று மிஸி அதட்டினாள்.

என் நாக்கில் அப்போதும் ஊதா இருந்ததோ என்னவோ, வாயைத் திறக்கப் பயந்தேன்.

"நான்தான் மிஸி. கண்ணாடியைப் பாத்துக் கீறினனான்" என்றீர்கள்.

"வயசு போன நேரத்தில உங்களுக்கு விசரே ஆச்சி?" என்று மிஸி எல்லாருக்கும் முன்னால் ஏசினாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு ஏச்சை வாங்கினீர்கள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உங்களுக்கு எதிரே இருந்தார். அவர் சிங்களத்தில் சொல்ல, மிஸி தமிழில் சொன்னாள். இந்த வைத்தியம் நோயை மாற்றாது. சில மாதம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தொடர்வதா விடுவதா என்பதை ஆச்சிதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "மோள் ஓமெண்டால் விட்டிடுவன்" என்றீர்கள்.

முடிவை முன்னமே எடுத்துவிட்ட நீங்கள் என் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தீர்கள். அதைக்கூட நான் உடனே தரவில்லை. ஊருக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். மிஸி இரண்டு தரம் கேட்ட பிறகுதான், "ஓம், அம்மாவுக்குக் காணும்" என்றேன்.

விட்ட பிறகு சுகமாகப் போனீர்கள் என்று பொய் எழுத மாட்டேன். புண் கன்னத்தைத் துளைத்து வெளியே வந்தது. நாற்றத்துக்கு அயல் சனம் வாசலோடு நின்றது. இரண்டு மாதம் கிடந்தீர்கள். ஆனால் தினமும் முகம் கழுவச் சொல்லிக் கேட்டீர்கள், நானும் கழுவிவிட்டேன். ஆஸ்பத்திரி மை வாய்க்கால் தண்ணீரிலேயே போயிற்று. நான் கீறியது மட்டும் போகவில்லை. உரிந்த தோலுக்குள் இறங்கி, காதடியில் விரல் நீளத்துக்கு ஊதாவாக நின்றது. கடைசியாய் உங்களைக் குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி, "இதென்ன அக்கா?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரியில போட்டது" என்றேன். அந்தக் கோட்டோடுதான் உங்களை எரித்தோம்.

அதற்குப் பிறகு உங்கள் முகத்தை நினைத்தால் கோடு போட்ட முகம்தான் வருகிறது. நாடியைப் பிடித்த இடது உள்ளங்கையில் அந்த எலும்பு இன்னும் இருக்கிறது. அது அசையாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஒரு தரம் என் கையைத் தட்டிவிட்டிருக்கலாமே, அம்மா.

வீட்டில் உங்கள் படம் ஒன்றும் இல்லை. அடையாள அட்டையில் இருந்தது வெளிறிப் போயிற்று. தூரத்தில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை எப்படி முடிப்பேனோ, இதையும் அப்படித்தான் முடிக்கிறேன்: இருக்கிற இடத்தில் புதுப் படம் எடுத்தால் எனக்கு ஒன்று தபாலில் போட்டுவிடுங்கோ. முகம் கழுவிவிட்டு எடுத்ததாய் இருக்கட்டும்.