பேட்டரி மாற்றும் நாள்

ஏங்க,

"அப்பா ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாசிச்சா சாமிக்குக் கேக்குமாம்மா?" என்று ரகுநாத் சின்னப் பிள்ளையில் கேட்டான். கேட்கும் என்றேன், இப்போதும் நம்புகிறேன். அவன் மஸ்கட் போனபின் வீட்டில் வேறு சத்தமில்லை; நீங்கள் ஹெட்போனில் வாசிக்கும்போது, எனக்குக் கீபோர்டு கட்டைகள் தட்டுப்படும் சத்தம் மட்டுந்தான் கேட்கிறது.

அன்னவாசலில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். நாளை வருவேன். புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது. உங்கள் எஃப்எம் சிந்தசைசர் கீபோர்டுக்கு உள்பேட்டரி மாற்ற மெக்கானிக் ராஜா முகமது மத்தியானம் வருவார். சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

பேட்டரியைக் கழற்றினால் நீங்கள் இத்தனை வருடமாக அதில் உருவாக்கிச் சேமித்த சத்தமெல்லாம் அழிந்து போய்விடும் என்று அவர் எச்சரித்தார். "போனாப் போகட்டும். கச்சேரியே இல்ல, இனி யாரு கேக்கப் போறா" என்றீர்கள். நானும் கோபத்தில் "அப்ப வித்துருங்க" என்றேன். அதிலிருந்து நாம் பேசவில்லை.

செவந்தி

பி.கு.: போன மார்கழியில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, தெரு விழிக்குமுன் நீங்களே வாசலில் கோலம் போட்டீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சொல்லவில்லை. நேற்று நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது, நீங்கள் செய்வதைப் பார்த்துப் பழகியபடியே, சத்தங்கள் அத்தனையையும், அழியாமல் சேமித்து வைக்கும் அந்தக் கார்ட்ரிட்ஜில் ஏற்றிவிட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.