ஆறாட்டுப் படத்தில் அப்பா

அம்மா,

"ஏட்டி, அப்பா மொகம் ஒனக்கு ஓர்மை இருக்கா?" என்று போன ஆடியில் கேட்டாய். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அப்பா ஒரு போட்டோவுக்கும் நின்றதில்லை. பள்ளிக்கூடம் நின்றபின் உனக்குத் தெரியாமல் எத்தனையோ நோட்டுகளில் அப்பாவைப் பற்றி எழுதிப் பார்த்தேன்; அந்த முகம் வரவில்லை.

திங்கட்கிழமை மியூசியத்தில் பாண்டு வாத்தியம் முடிந்ததும் நாலு வருஷத்துக்கு முந்தி சாமி கடலில் நீராடப் போன ஆறாட்டு ஊர்வலத்தைச் சினிமாவாகக் காட்டினார்கள். அந்தப் படத்தின் கூட்டத்தில் அப்பா வந்தார். சொன்னதும் நீ, "படம் புடிச்சிட்டானா? அப்பம் அதுதாம்ட்டி அவரைக் கொண்டு போச்சு" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

இன்றுதான் கடைசி நாள். நாளை படப்பெட்டி ரயிலேறிவிடும். பெண்கள் பக்கத்தில் இடம் பிடிக்க நான் முன்னால் போகிறேன். சோறும் தீயலும் மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பகவதியம்மாள் அத்தையிடம் கொடுத்துவிட்டு ஆறு மணிக்குள் வந்துவிடு. கோபம் இருந்தாலும் வா.

மறந்துவிட்டேன்: யானைகள் போனதும் இடது ஓரத்தைப் பார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார். நின்று, நேராக நம்மைப் பார்ப்பார். வாய் திறக்கும். மூன்று நாளாக நானும் காத்திருந்தேன் அம்மா. ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விடுகிறார்.