காலரும் பட்டனும்

ஜனவரி 6

அன்புள்ள பட்டனுக்கு,

உன் காலர் எழுதுவது. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். வைத்த பிறகுதான் சொல்ல வந்தது நினைவுக்கு வரும். பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஒன்பது வருடமாக அதுதானே நடந்தது. நீ பட்டன் தைத்துக்கொண்டே பேசுவாய், நான் காலர் தைத்துக்கொண்டே கேட்பேன். கடிதத்திலாவது என் முறை வரட்டும்.

கம்பெனியின் இந்தப் புதுக் கிளை பெரியது. ஒரே ஹாலில் ஆறு வரிசை, வரிசைக்கு இருபது மெஷின். மூலையில் இரும்புப் படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை. அதுதான் சூப்பர்வைசர் அறை, அதாவது என் அறை! சுழலும் நாற்காலி, எனக்கே எனக்கென்று ஒரு மின்விசிறி. முதல் நாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகுதான் நாலு பக்கமும் கண்ணாடி என்பது உறைத்தது. கீழே இருந்த நூற்றிருபது பேரும் பார்த்துவிட்டார்கள்.

இங்கேயும் அந்தப் பாழாய்ப்போன அட்டை இருக்கிறது. வரிசைக்கு ஒன்று. பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். அங்கே அதை ஒழித்துக்கட்டியவர்கள் நாம். இங்கேயும் ஒரே மாதத்தில் ஒழித்துவிடுகிறேன் பார். மெஷினில் உட்கார்ந்தவள் ஒருத்தி மேலே வந்திருக்கிறாள் என்றால் சும்மாவா? நம் ஆட்களின் கஷ்டம் நமக்குத் தெரியாதா?

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன்,
காலர்


ஜனவரி 15

அன்புக் காலருக்கு,

உன் கடிதம் வந்த அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தேன். நாற்காலி சுற்றிய இடத்தில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. ‘நம்ம காலரு மேடம் ஆயிட்டாடி’ என்று அன்று முழுவதும் இதே பேச்சு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம்கூட ‘என் சிநேகிதி சூப்பர்வைசர்’ என்று சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடவில்லை, ‘அவளுக்குக் கீழ நூத்தி இருவது பேரு’ என்றேன்.

உன் மெஷினில் இப்போது வாயே திறக்காத ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். காலருக்கும் பட்டனுக்கும் நடுவே காற்றுகூடப் போகாது என்று நம்மைக் கிண்டல் செய்வார்களே, இப்போது ஒரு லாரியே போகலாம். நீ போனதில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான்.

அட்டையை நீ ஒழித்துவிடுவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று அதைக் கழற்றி மேனேஜர் மேசையில் வீசிவிட்டு, ‘கழுத்துல மாட்டிக்கிட்டுப் போக நாங்க என்ன ஆடா மாடா சார்?’ என்று கேட்டாயே. உனக்குப் பின்னால் முதல் ஆளாக நின்றவள் நான்.  அன்று எனக்கு இருந்த பெருமையில் பாதிகூட என் கல்யாணத்தன்று இல்லை. இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே.

உன்,
பட்டன்


பிப்ரவரி 9

அன்புள்ள பட்டனுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, மூச்சுவிட நேரமில்லை. ஒரு நல்ல செய்தி. போன மாத டார்கெட்டில் கம்பெனியின் எல்லாக் கிளைகளிலும் என் ஹால்தான் முதலிடம். மேனேஜர் எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். வீட்டுக்கு வந்து என் பெரியவனிடம் சொன்னேன். ‘நீதான் எல்லாச் சட்டையும் தைச்சியாம்மா?’ என்று கேட்கிறான், வாலு.

அட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. அட்டை இல்லாவிட்டால் வரிசையில் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். மேலே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது தெரியும். நானும் மேனேஜரும் இதைப் பற்றி நிறையப் பேசினோம். நாங்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் இந்தப் பெண்களுக்குப் போதவில்லை.

உதாரணத்துக்கு, மூன்றாவது வரிசையில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறவள் ஒருத்தி. தினமும் இரண்டு தடவை அட்டையை எடுத்துக்கொண்டு போகிறாள், ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவளால் பின்னால் இருப்பவர்களுக்கு வேலை தேங்குகிறது. இரண்டு முறை எச்சரித்துவிட்டேன். கடைசியில் எல்லாவற்றையும் ஓர் அறிக்கையாக எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி முடிவு. அநேகமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கைக்குழந்தைக்காரி, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறாளாம். பாவம்தான். ஆனால் பாவம் பார்த்தால் வரிசை ஓடுமா?

உன்,
காலர்


பிப்ரவரி 13

காலருக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. கேட்டார்கள். வீட்டில் வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். பையில்தான் இருந்தது.

உன் முதல் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் ‘நாம்’ என்று எழுதியிருக்கிறாய், ‘நம் ஆட்கள்’ என்று எழுதியிருக்கிறாய். இதில் ‘நாங்கள்’, ‘இந்தப் பெண்கள்’. ‘நாம்’ என்றால் அதற்குள் நானும் இருக்கிறேன். ‘நாங்கள்’ என்றால் நீயும் மேனேஜரும், நான் வெளியே. ஒரே மாதத்தில் என்னை வாசலில் நிறுத்திவிட்டாயேடி! எழுதும்போது இது உனக்கே தெரிந்திருக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இருபது நிமிடம் எதற்கு என்று உனக்கா தெரியாது? உன் பெரியவன் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது நீ வேலைக்குத் திரும்பினாய். பதினோரு மணி ஆனால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும். ரவிக்கை நனைந்துவிடும். பாத்ரூமில் நின்று பிழிந்துவிட்டு, கண் சிவந்து திரும்பி வருவாய். பிள்ளை குடிக்க வேண்டியது சாக்கடைக்குப் போகிறதே என்று என் தோளில் சாய்ந்து அழுதாய். அந்த நேரமெல்லாம் உன் காலரையும் சேர்த்து நான் தைத்தேன். அதனால்தான் உன்னைப் பற்றி யாரும் அறிக்கை எழுதவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நானாக இருந்தால் செத்தாலும் அந்தக் காகிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இருபதாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஏதாவது செய்.

பட்டன்


பிப்ரவரி 17

தோழிக்கு,

கீழே உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டாய். ஒரு வாரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார், அப்புறம் பேசு. இத்தனை பேரை வேலை வாங்குவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. என் கதை வேறு, அவள் கதை வேறு. என்னைத் தராசில் வைத்து நிறுக்கும் உரிமையை உனக்கு யார் கொடுத்தது?

இனி வேலை விஷயம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சூப்பர்வைசர்


மார்ச் 10

என் அன்புப் பட்டனுக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை. முதல் இரண்டு நாள் கோபம், மீதி நாளெல்லாம் வெட்கம்.

உனக்குச் சூடாகப் பதில் போட்டேனே, போட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. பத்தொன்பதாம் தேதி பதினோரு மணிக்கு அவள் அட்டையை எடுத்ததும் நானும் படியிறங்கினேன். ஆறு வாரத்தில் அன்றுதான் முதல் முறையாக மூன்றாவது வரிசைக்குள் நடந்தேன் என்றால் நம்புவாயா? நான் போகப் போகப் பேச்சு நின்றது, தலைகள் குனிந்தன. என்னைப் பார்த்து, பட்டன்! மதியச் சாப்பாட்டில் பாதியைப் பக்கத்துத் தட்டிலிருந்து எடுத்துத் தின்றே வளர்ந்த என்னைப் பார்த்து!

பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளேயிருந்து காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும், ‘ரெண்டே நிமிஷம் மேடம்... வந்துடறேன் மேடம்’ என்றாள். அந்தப் பதற்றம் எனக்குப் புதிதா? என் உடம்பே அதை அறியும். நான் மட்டும் மறந்துவிட்டேன்.

‘மெதுவா வாம்மா. நான் வெளிய நிக்கிறேன், யாரும் வர மாட்டாங்க’ என்று சொல்லிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். உள்ளே அவள் அழுதாள். வெளியே நான் அழுதேன். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று.

மறுநாள் மேனேஜரிடம் போய், நான் எழுதிய அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியே கொடுத்தேன்.

‘எழுதினதை நீங்களே வாபஸ் வாங்கினா நாளைக்கு உங்க பேச்சை யாரும்மா கேப்பா?’ என்றார்.

‘கேக்காட்டியும் பரவால்ல சார். நான் பாக்காம எழுதிட்டேன்’ என்றேன்.

‘ஒரு லேபருக்காக உங்க போஸ்டைக் கெடுத்துக்கறீங்க.’

‘நானும் லேபர்தான் சார். நடுவுல கொஞ்ச நாள் மறந்து போச்சு.’

அறிக்கை இல்லாமல் அவளை அனுப்ப முடியவில்லை. அதனால் என்னை இறக்கிவிட்டார்கள். மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து மூன்றாவது வரிசையில் காலர் தைக்கிறேன், அவளுக்குப் பக்கத்து மெஷினில். பதினோரு மணிக்கு அவள் எழுந்தால் அவளுடைய கையையும் நான் தைக்கிறேன். சட்டைக் கையைச் சொல்கிறேன்!

நான் இறங்கி வந்து உட்கார்ந்த அன்று எல்லாரும் அவரவர் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் மெஷின்காரி மட்டும் எட்டி, நான் போட்டிருந்த கம்பெனிக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டாள். என் பட்டப்பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் செய்தாள். மேனேஜர் கை கொடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை. சம்பளம் குறைந்தது, மின்விசிறி போயிற்று, ஆனால் அன்று வீட்டுக்கு ராணி மாதிரி நடந்து போனேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். கீழே வந்த இரண்டே நாளில் அட்டை அநியாயம் என்று பழையபடி பேசுகிறேன். நான் திருந்திவிட்டேனா, அல்லது நாற்காலி மாறியதும் வாயும் மாறிவிட்டதா? மேலேயிருந்து பார்த்தால் தைக்கிற கைகள் தெரியாது. காலியான நாற்காலி மட்டும் பளிச்சென்று தெரியும். நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டவளாக வேண்டும் என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை. மனசு இவ்வளவு லேசான பொருளா, பட்டன்?

என்னை மன்னித்து ஒரு வரி போடு.

உன்,
காலர்


மார்ச் 24

என் காலருக்கு,

மன்னிப்பாவது மண்ணாவது. கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் கைதட்டல். பஸ்ஸில் அந்த அம்மா மறுபடி அகப்பட்டார். ‘என் சிநேகிதிக்கு சூப்பர்வைசர் வேலை போயிடுச்சும்மா’ என்றேன். ‘அடப்பாவமே’ என்றார். ‘பாவமா? கதையைக் கேளுங்க’ என்று ஆரம்பித்தேன். அவர் தன் ஸ்டாப்பைத் தாண்டி இறங்கிப் போனார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அதற்கு முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வாரம் எங்கள் சூப்பர்வைசர் லீவு. மூன்று நாள் வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நோட்டை என் கையில் கொடுத்தார்கள். முதல் நாள் எல்லாரோடும் சிரித்துக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் நாள் மதியம் வேலை பின்தங்கியது. ‘அங்க என்ன சிரிப்பு? கை வேலை செய்யட்டும்!’ என்று யாரோ அதட்டினார்கள். யாரடா அது என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

உனக்கு ஒரு மாதம் பிடித்தது. எனக்கு ஒன்றரை நாள். செத்தாலும் எழுதியிருக்க மாட்டேன் என்று உனக்கு வீராப்பாக எழுதினேனே, அது நான் உட்கார்ந்திருந்த இடம் எழுதியது. அந்த இடத்தில் அதை எழுதுவதற்குத் தைரியமே தேவையில்லை. நீ செய்ததை மேலேயிருந்து செய்யத்தான் தைரியம் வேண்டும். உன் மனசு லேசு என்று இனி சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இனி செய்தி. உன் கண்ணாடி அறைக்கு ஆள் வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. எத்தனையோ வருடமாக நான் தைத்த பீஸ் ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை அல்லவா, அதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் மேனேஜரே போனில் பேசினார்.

‘வர்றேன் சார். ஆனா மேல ஏற மாட்டேன். கீழ மெஷினுங்களுக்கு நடுவுல ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க’ என்றேன்.

‘ஏம்மா, முட்டி வலியா?’

‘இல்ல சார், பயம்.’

‘யாரைப் பாத்து?’

‘என்னைப் பாத்துதான்.’

 அட்டையும் கூடாது, பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று அதே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். தாழ்ப்பாளுக்குச் சரி என்றார். மற்ற இரண்டையும் மூன்று மாதம் பார்க்கலாம், டார்கெட் குறைந்தால் அட்டையும் வரும், நானும் படியேற வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. அந்த அட்டையை மேனேஜர் மேசையில் வீசியவள் நீ. உன்னையே அந்த நாற்காலி மாற்றிவிட்டது. உன்னாலேயே முடியாதது என்னால் முடியும் என்று நினைக்க நான் யாரடி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குகிறோம். என் வீட்டுக்காரருக்கு என்ன, பெயிண்ட் அடிக்க எந்த ஊரிலும் சுவர் இருக்கும். திங்கட்கிழமையிலிருந்து நீ எனக்குக் கீழே வேலை செய்கிறவள், ஞாபகம் இருக்கட்டும். நான் மாறிப்போனால் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. அது வந்து சேருவதற்குள் எனக்கு முற்றிவிடும். எழுந்து வா. எல்லார் முன்னாலும் காதைப் பிடித்துத் திருகு.

உன்,
பட்டன்