அக்கா திருப்பிவிட்ட திருகுகள்

என் மாமாவுக்கு,

கீழே இருந்து கூப்பிட்டா "இரும்மே, வரேன்"னு மேல் ரூமிலிருந்து உன் சத்தம் வரும். வராதுன்னு தெரிஞ்சும் ஒரு தரம் கூப்பிட்டுட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நல்லா இருக்கியா மாமா?

கெட்ட சேதியை முதல்லயே சொல்லிடறேன். நீ பாட்டுக் கலக்கிற பெட்டியில வச்சுட்டுப் போன திருகு ஒண்ணுகூட இப்ப அந்த இடத்துல இல்ல.

நான் திருப்பல. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராத நாளிலிருந்து, அந்த ரூமுக்குள்ள நான் தொடப்பம்கூட எடுத்துட்டுப் போகல. கம்ப்யூட்டர்ல வச்சது வச்ச மாதிரி இருக்கும், பெட்டியில திருகு நகர்ந்தா போச்சு, கை படக்கூடாதுன்னு எத்தனை தரம் கத்தியிருக்க. கன்டெய்னர் லாரித் தூசியெல்லாம் அது மேல படிஞ்சு கிடந்தது. படியட்டும்னு விட்டேன்.

கருமாதிக்கு முந்தின நாள் உன் அக்கா அஞ்சலை வீடு முழுக்கக் கழுவி விட்டா. மேல் ரூம் ஸ்டுடியோவையும் விடல. நான் போய்ப் பார்க்கிறேன், பெட்டி பளபளன்னு இருக்கு. திருகெல்லாம் ஒரே பக்கமா நேரா நிக்குது.

"இன்னாக்கா பண்ண?"

"எல்லாம் தொறந்து கெடந்துச்சுடி. ஒண்ணு இப்டிக்கா கீது, ஒண்ணு அப்டிக்கா கீது. கேஸ் அடுப்பு மாரி வெடிச்சுதுன்னா இன்னா பண்ணுவ? அதான் மூடிட்டேன்."

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நீ இருந்தா தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருப்ப. அப்புறம் நீயே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்ப. நான் யார்கிட்ட சொல்லிச் சிரிக்கிறது?

அந்தத் திருகெல்லாம் மீன்காரக் குப்பத்து எட்டியப்பன் பாட்டுக்கு நீ வச்சது. கடலுக்குப் போய்க் கரை திரும்பாத தம்பிக்காக அவன் பாடின பாட்டு. முடிச்ச பாட்டுன்னா திருகு நிக்கிற இடத்தைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குவ. இது பாதியில நின்னுபோச்சு, போட்டோவும் இல்ல. தம்பியோட வருஷ தெவசத்துக்குக் குப்பத்துல அதைப் போடணும்னு எட்டியப்பன் வந்து நின்னான். உள்ளே வரல, வாசப்படியிலயே நின்னுட்டுச் சொன்னான். "அண்ணி, அண்ணன் கை வெச்ச மாரியே வோணும். இல்லாங்காட்டி வோணாம்."

காதரைக் கூப்பிட்டேன். உன் தோஸ்து. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை வேலையை முடிச்சுட்டு உனக்கு டோலக் வாசிக்க ஓடி வருவானே, அவன்தான். முதல்ல பெட்டி இல்லாம கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் சேர்த்துப் போட்டான். தெளிவாத்தான் கேட்டது. குரல் தனியா, டோலக் தனியா, கீபோர்டு தனியா. ஒரே பஸ்ல ஏறி, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காத ஜனங்க மாதிரி.

கம்ப்யூட்டரே கூட்டிக்கும்னா இந்தப் பெட்டி எதுக்குய்யான்னு ஒரு நாள் உன்னைக் கேட்டேன். "கம்ப்யூட்டர் கூட்டினா கணக்கு கரீட்டா வரும்மே. தனித்தனியா கம்பியில வெளிய இழுத்து, இந்தப் பெட்டியில ஒண்ணா உட்டா, ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கினு கொஞ்சம் தப்பா வரும். அந்தத் தப்புதான் ஷோக்கா இருக்கும்"னு சொன்ன. எனக்கு அன்னிக்குப் புரியல. அந்த பஸ் ஜனத்தைக் கேட்டப்புறம்தான் புரிஞ்சது.

காதர் கம்பியை மாட்டிப் பெட்டி வழியா விட்டான். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். "எதுன்னு நீதான் சொல்லணும் அண்ணி"ன்னான். நான் என்னத்தைச் சொல்ல? நீ ரெண்டு விதமாப் போட்டு எது நல்லாருக்குன்னு கேட்கும்போதே பாதி நாள் "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது"ம்பேன். "காதுல இன்னாமே, மீன் செதிலா?"ன்னு திட்டுவ.

அப்பத்தான் காதர் சொன்னான். "அண்ணன் உன் பதிலை எங்க கேட்டாரு? நீ மாடிப்படியில குந்திக்கினு மீன் தேய்ப்ப. கதவைத் தொறந்து வெச்சுக்கினு அந்தச் சத்தம் எப்ப நிக்குதுன்னு கேப்பாரு. நின்னா, 'இதான்டா'ன்னு திருகுலேர்ந்து கையை எடுத்துடுவாரு."

ஏன் மாமா என்கிட்ட சொல்லல? சொன்னா வேணும்னே நிறுத்துவேன்னு நினைச்சியா?

நீ போனப்புறம் நான் அந்தப் படியில உட்காரவே இல்ல. என் வறுவல் கடைக்கு வேண்டிய மீனைக் குழாயடியிலேயே கழுவிடுவேன். மறுநாள் சங்கரா மீனை எடுத்துட்டுப் போய்ப் படியில உட்கார்ந்தேன். மேலே காதர் பாட்டைப் போட்டான், நான் தேய்ச்சேன். லாரி போனா நிறுத்திட்டு, தாண்டினதும் திரும்பப் போட்டான், உன்னை மாதிரியே. எத்தனை தரம் போட்டான்னு தெரியல. ஒரு தரம் எட்டியப்பன் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடற இடத்துல, குரல் எங்கே முடியுது, டோலக் எங்கே பிடிச்சுக்குதுன்னு பிரிக்கத் தெரியல. மீன் கையில இருக்கு. கை நின்னுபோச்சு.

"இதானா அண்ணி?"

கை பாட்டுக்கு நின்னதா, உன் நினைப்புல நின்னதா? எனக்கு இன்னும் தெரியல மாமா. நீ வச்ச இடத்துக்கே திருகு வந்திருக்காது. "இதான்டா"ன்னு சொன்னேன். காதர் போட்டோ எடுத்துக்கிட்டான்.

குப்பத்துல போட்டாங்க. எட்டியப்பன் மணல்ல குந்தித் தலையைக் கவுத்துக்கிட்டான். அவங்க அம்மா இன்னொரு தரம் போடச் சொன்னாங்க. முடிஞ்சதும் உன்கிட்ட ஏதோ சொல்லத் திரும்பினேன். பக்கத்துல காலி சேர்தான் இருந்தது.

இப்ப வேற பாட்டு வந்திருக்கு, திருகை மாத்தட்டுமான்னு காதர் கேட்கிறான். மனசு வரல. இந்த இடத்துலயாவது நிக்கட்டுமேன்னு இருந்தது. மேலே போய்ப் பார்த்தா பெட்டியில மறுபடி தூசி, நீ போன புதுசுல கிடந்த மாதிரியே. மாத்திக்கோடான்னுட்டேன்.

இனிமே தூசி படிய விடமாட்டேன் மாமா. திருகுல படாம நானே துடைக்கிறேன், அக்காவை மேலே ஏத்தமாட்டேன். மீனைப் படியிலதான் தேய்ப்பேன். கை தானா நின்னா நிக்கட்டும். நானா ஒரு நாளும் நிறுத்தமாட்டேன், இது சத்தியம்.

படியில உட்கார்ந்திருக்கிற
உன் பொண்டாட்டி,
வள்ளி