புது மானிட்டரில் தெரிந்த கை

என் பாசத்துக்குரிய பாபு மச்சானுக்கு,

நீ கட்டிக்கொண்டு அழுத டப்பா மானிட்டரை மாற்றிவிட்டேன். கோபப்படாதே, மூன்று வருஷம் தள்ளிப் போட்டுத்தான் மாற்றினேன். மாற்றிய அன்றைக்கே ஒரு வம்பும் கூடவே வந்து சேர்ந்தது. உன் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற உன் படத்தில் என் கை இருக்கிறது மச்சான். அதை எடுப்பதா, விடுவதா என்று பத்து நாள் மண்டை காய்ந்துபோனேன்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நமக்கு ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்வோம். நான் எழுத்து அடிப்பேன், நீ படம் பார்ப்பாய். உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த முதல் நாளே வசந்தா என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள். அதுவரைக்கும் வெறும் சிநேகிதனாக இருந்த நீ அன்றிலிருந்து எனக்கு மச்சான் ஆனாய்.

நம்மிடம் வந்ததில் பாதி வேலை இறந்தவர்கள் படம்தானே? இந்த ஊர்ப்பக்கம் யார் தனியாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்? வீட்டில் ஒருவர் போனதும் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்தில் நிற்கிற ஒரு முகத்தைத் தொட்டு, இவர் மட்டும் வேண்டும் என்பார்கள். நீ உடனே அந்த முகத்தில் கை வைக்க மாட்டாய். முதலில் பக்கத்தில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராக எடுத்துவிட்டு, அவர்கள் சட்டை நுனிகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் இறந்தவரைத் தொடுவாய்.

"உசுரோட கீறவன் வெரல் நகம்கூட இதுல இருக்கக் கூடாதுடா. இருந்தா அவனையும் இட்டுக்கினு பூடும்" என்பாய். செத்தவர் படம் உயிரோடு இருப்பவனையும் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். நான் சிரிப்பேன். கம்ப்யூட்டர் படித்தவன் பேசுகிற பேச்சா இது என்று கிண்டல் செய்வேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நீ போன அன்று நான் டீக்கடையில் இருந்தேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது நாற்காலியில் சாய்ந்து கிடந்தாய், முகம் மானிட்டரைப் பார்த்தபடி இருந்தது, பாதி முடிந்த ஒரு பத்திரிகை திரையில் அப்படியே நின்றது. முப்பத்து நாலு வயதில் நெஞ்சு வலி வரும் என்று யார் நினைத்தோம்? உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அந்த டப்பாதான் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால்தான் அதை மாற்ற மனசு வரவில்லை. காலையில் கடை திறந்து ஸ்விட்ச் போட்டால் டங்கென்று ஒரு சத்தம் வரும், படம் ஒரு தடவை நடுங்கிவிட்டு நிற்கும். அணைத்தால் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் கடை முழுக்கத் தெரியும். என் தோளுக்குப் பின்னால் உன் நாற்காலி தெரியும். சில நாள் அதில் நீ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும், திரும்பவும் கண்ணாடியைப் பார்ப்பேன். ஒரு நாள் உன்னிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் வாடிக்கையாளர் நின்றிருந்தார். போனில் பேசினேன் என்று சமாளித்தேன்.

ஆனால் டப்பாவுக்கு வயசாகிவிட்டது. வெளிச்சம் குறைந்து குறைந்து, கரும்பச்சைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு பேனர் போட்டுக் கொடுத்தேன். திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. கட்டிய பிறகு பார்த்தால் தாய்மாமன் முகம் பச்சைப் பசேலென்று இருக்கிறது. அந்த மனுஷன் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். "இன்னாபா, எனக்குக் காமாலைன்னு ஊரு பூரா சொல்லிக்கினு கீறாங்க" என்றார். அடுத்த வாரமே எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

அங்கே கேட்டால் கடைக்காரன் எல்லாமே ப்ளாட் என்கிறான். ஒன்று முன்கண்ணாடி மட்டும் தட்டை, பின்னால் அதே பெரிய தொப்பை. இன்னொன்று நிஜமாகவே ஒல்லி, புத்தகம் மாதிரி நிற்கிறது. ஒல்லியைப் போடச் சொல்லி இடது பக்கம் சாய்ந்து பார்த்தேன், நிறம் மாறியது. எழுந்து நின்று பார்த்தேன், முகமெல்லாம் வெளுத்தது. நேராக உட்கார்ந்தால்தான் நிறம் நிறமாக இருக்கிறது. நீயாக இருந்தால் கடைக்காரனிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பாய்.

திரை முழுக்கக் கறுப்பு போட்டுக் காட்டச் சொன்னேன். அதில் எங்காவது ஒரு புள்ளி அணையாமல் மின்னினால் வாங்கக் கூடாது என்று நீ எங்கோ படித்துவிட்டுச் சொல்லியிருந்தாயே. புள்ளி எதுவும் இல்லை. ஆனால் கறுப்பு முழுக் கறுப்பாகவும் இல்லை, லேசாக வெளிச்சம் கசிந்தது. இதில் பின்னால் விளக்கு எப்போதும் எரியும் சார், இருட்டுக்குள் இருப்பதும் தெரியும் என்றான் கடைக்காரன். பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னான், அது மட்டும் முடியாது என்றேன். பதினேழு அங்குல ஒல்லி மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன்.

நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படம் வேண்டும். உன் படத்தைத் திறந்தேன்.

அந்தப் படம் உனக்கு நினைவிருக்கும். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு பேனர் கட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போனோம், நீ கறுப்புச் சட்டையில் இருந்தாய், நான் உன் தோள்மேல் கை போட்டிருந்தேன். நீ போன பிறகு வசந்தா தேடிப் பார்த்ததில் நல்லதாக இருந்தது அது ஒன்றுதான். வேறு கடையில் கொடுக்க எனக்கு மனசில்லை. பதினாறாம் நாளுக்குள் ஃப்ரேம் போட வேண்டும். உன் பக்கத்தில் நின்ற என்னை நானே வெட்டி எடுத்தேன். தோளில் இருந்த விரல்களை உன் முறைப்படி எடுக்கப் பொறுமையில்லை, மேலே தனி அடுக்காகக் கறுப்பை அள்ளிப் பூசிவிட்டேன். டப்பா திரையில் சுத்தமாகத்தான் தெரிந்தது.

புதுத் திரையில் உன் வலது தோளில் நான்கு விரலும் தெரிந்தன மச்சான். கறுப்புக்குள் வேறொரு கறுப்பாக, யாரோ பின்னாலிருந்து பிடித்திருக்கிற மாதிரி. மூன்று வருஷமாக விளக்கேற்றிக் கும்பிடுகிற படத்தில் உயிரோடு இருக்கிற என் கை. எழுந்து போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். அதைவிட மோசமான ஒன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். போன வருஷம் கருங்குழி தாண்டி வண்டியில் வரும்போது எதிரில் லாரி நேராக வந்தது. ஒதுங்க வேண்டும் என்றே எனக்கு ஒரு நொடி தோன்றவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது. லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் இதை எழுதுகிறேன். இதை வீட்டில்கூட நான் சொல்லவில்லை. விரல்களைத் திரையில் பார்த்ததும் அந்த நொடி திரும்ப வந்து நின்றது. கூப்பிட்டது நீயா? இல்லை, நான்தான் உன்னைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறேனா?

பத்து நாள் கழித்து சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருக்கிற உன் வீட்டுக்குப் போனேன். வசந்தா வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள். உன் வருஷத் திதிக்கெல்லாம் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன், ஆனால் ஒரு தடவைகூட உன் படத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ணா. மாட்ன அன்னிக்கே பாத்துட்டேன். காலைல ஜன்னல் வெயிலு பட்டா நாலு வெரலும் தெரியும்" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? நீ வேணும்னே உட்டுட்டன்னு நெனச்சேன். அவரு ஒண்டியா இல்லன்னு எனக்கும் ஆறுதலாதான் இருந்துச்சி. ஆனா பயமா கீதுண்ணா. தெனம் வெளக்கு ஏத்தும்போது சந்தன மாலைய இழுத்து அந்தக் கைய மூடிட்டுதான் கும்புடறேன். நீங்க போனது போதும், எங்கண்ணன உட்டுடுங்கன்னு அவராண்ட கேட்டுக்கினு கீறேன்."

மூன்று வருஷம் மச்சான். நீ என்னோடு இருக்கிறாய் என்று நான் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தபோது, இவள் தினமும் என் உயிருக்காக உன்னோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எடுத்துடுண்ணா. எனக்கு நீ உசுரோட வேணும்" என்றாள்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அந்த வேலைக்குத்தான் உட்கார்ந்தேன். உன் முறைப்படியே செய்தேன். மேலே பூசியிருந்த அந்தக் கறுப்பு அடுக்கை நீக்கியதும் என் கை முழுசாக வெளியே வந்தது, மணிக்கட்டில் நான் அப்போது கட்டியிருந்த கயிறுகூடத் தெரிந்தது. சுண்டு விரலில் ஆரம்பித்தேன். உன் நெஞ்சுப் பக்கத்துச் சட்டைத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு விரலும் இருந்த இடத்தில் வைத்தேன். ஆள்காட்டி விரலுக்கு வந்தபோது நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன். வாசலில் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. எந்தப் படத்தைத் திருத்தினாலும் பழசில் ஒரு காப்பி எடுத்து வைப்பது நம் கடை வழக்கம். இதற்கு எடுக்கவில்லை. அதே பேரில் சேவ் செய்தேன். இனி நானே நினைத்தாலும் இந்தப் படத்துக்குள் அந்தக் கையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய், பழைய படத்தை இறக்கிவிட்டுப் புதுப் படத்தை நானே ஆணியில் மாட்டினேன். மாலையை நேராக்கிவிட்டு வசந்தா தள்ளி நின்றாள். உன் முகத்தை நேராகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாயடா, தனியாகவும் நிற்க முடிகிறது உன்னால்.

அவள் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்ததை இங்கே சொல்கிறேன். ஒரு நாள் வருவேன், அது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் முடி நரைத்து, பல் விழுந்து, வசந்தாவும் என் வீட்டில் இருப்பவர்களும் போதும் போ என்று சொல்லும்போதுதான் வருவேன். அதுவரைக்கும் எந்த ரோட்டில் எந்த லாரி எதிரில் வந்தாலும் ஒதுங்குவேன். நீயே கூப்பிட்டாலும் வரமாட்டேன் மச்சான். இது சத்தியம்.

உன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்ட,
வசந்தாவின் அண்ணன், உன் மச்சான்,
சேகர்