தம்பியை வெட்டியவனுக்கு ஒரு கிண்ணம்

என் அன்பு அப்பாவுக்கு,

கடல் உங்களைக் கொண்டுபோன இடத்துக்குத் தபால் போகாது. சபையாராவது வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தம்பி யோவானுக்குச் சிறுவயதில் சலம் போகாமல் அடைத்தபோது ஆஸ்பத்திரியில் முன்தோலை வெட்டினார்கள். உபதேசியாரான நீங்கள், "ஆபிரகாமுக்கு இன்னொரு மகன்" என்று சிரித்தீர்கள். அந்த வெட்டுத்தான் அவனைக் கொன்றது.

யுத்தகாலத்தில் தேற்றாத்தீவில் பஸ்ஸை மறித்த துவக்குக்காரர்கள், ஆண்களின் உடுப்பைக் களைந்து முஸ்லிம்களைப் பிரித்தெடுத்தார்கள். "நான் வேதக்காரன் அண்ணே, கிறிஸ்தவன், கல்லடி உபதேசியார்ட மகன்!" என்று தம்பி கத்தினானாம்.

"வேதக்காரனுக்கு எங்கடா சுன்னத்து? பொய்க்கும் ஒரு அளவு வேணும்டா."

சிரித்துக்கொண்டே கழுத்தை அறுத்தார்கள். முஸ்லிமாக இருந்திருந்தால் மட்டும் அறுக்கலாமா?

அடக்கத்தில் நீங்கள் பிரசங்கித்தீர்கள். மாம்சத்தில் வெட்டும் அடையாளம் சிலுவையோடு முடிந்தது, இனி வெட்டப்பட வேண்டியது இருதயத்தின் கடினம் என்றீர்கள். ஒருவருடைய இரத்தம் எல்லாருக்காகவும் சிந்தியாயிற்று, வேறு எவனுடைய இரத்தமும் பாவத்தைக் கழுவாது என்றீர்கள். பெற்ற பிள்ளையின் அறுந்த கழுத்துக்குப் பக்கத்தில் நின்று எப்படி அப்பா வாய் வந்தது?

பிறகு ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், ஆராதனை நடக்கும்போதே கடல் கோயிலையும் உங்களையும் அள்ளியது. யுத்தமும் முடிந்தது.

போன ஞாயிறு, தடுப்பு முகாமிலிருந்து விடுதலையான ஒருவன் புதுக் கோயில் வாசலில் என்னிடம் வந்தான். "அண்ணே, யோவான்ட கழுத்தில கத்தி வச்சது நான்தான். உபதேசியாரிட்ட அப்பவே சொல்லிட்டன். தலையில கை வச்சு ஜெபிச்சார்."

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது!

அவன் முகத்தைச் சுவரில் மோதினேன். பல் தெறித்தது, உதடு கிழிந்தது. "அடியுங்க அண்ணே, விடாதீங்க" என்றான். என் வெள்ளைச் சட்டை முழுக்க அவன் இரத்தம். அதில் எதுவுமே கழுவப்படவில்லை, அப்பா. நீங்கள் சொன்னது சரிதான். அதற்காகவும் உங்கள்மேல் எனக்குக் கோபம்.

ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? அவனை வெட்டிவிடுவேன் என்று பயந்தீர்களா?

வரும் ஞாயிறு திருவிருந்து. மூப்பரான நான்தான் கிறிஸ்துவின் இரத்தமான திராட்சரசக் கிண்ணம் பிடிக்க வேண்டும். அவனும் வந்து முழந்தாளிடுவான். "ஏலாட்டி வேற ஆள் பிடிக்கட்டும்" என்றார் போதகர். "இல்ல, நானே பிடிக்கிறன்" என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் அவனைத் தாண்டிப் போகமாட்டேன். அந்தக் கிழிந்த உதட்டில் கிண்ணத்தை வைப்பேன். அதில் இருப்பது என் இரத்தமல்ல, மறுக்க எனக்கு உரிமையில்லை.

உங்களோடு இன்னும் கோபம் தீராத,
உங்கள் மூத்த மகன்